முற்றத்தின் மேல் ஒரு தகரம்

மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது. நீங்கள் அங்கே உடம்பு சுகத்தோடு இருக்க வேண்டும். நான் இங்கே இருக்கிறேன். கை கால் ஓடுகிறது, இஸ்திரிப் பெட்டியும் ஓடுகிறது, அதில் குறை ஒன்றும் இல்லை.

வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் திடீரென்று கடிதம் போடுகிறாளே என்று பயந்துவிட வேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். உங்கள் குரலைக் கேட்டால் என் வாய் தானாகப் பொய் சொல்லிவிடுகிறது. நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துப் படியுங்கள்.

போன மாதம் நீங்கள், "முற்றம் எப்படி இருக்கு அத்தை, காத்து வருதா?" என்று கேட்டீர்கள். "காத்தா, மடிச்ச துணியை வைக்க முடியல, பறக்குது" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். என் பொண்ணு கண்ணை மூடின பிறகு நீங்கள் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். அந்தச் சிரிப்பு நிற்கக் கூடாது என்று இன்னும் இரண்டு பொய் சேர்த்துச் சொன்னேன். மரமெல்லாம் தழைத்து நிற்கிறது என்றேன். மத்தியானத்தில்கூட மின்விசிறி போடுவதில்லை என்றேன்.

அதை நம்பித்தான் நீங்கள் நகராட்சிப் பெரியவர்களிடம் பேசியிருக்கிறீர்கள். அவள் வரைந்தபடியே ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய குடியிருப்பாகக் கட்டலாமா என்று அவள் கட்டின எங்கள் வீட்டு வரிசையைப் பார்க்க உங்களோடு வருகிறார்களாம். பிடித்துப்போனால் அவள் பேரிலேயே கட்டுவார்களாம். மூன்று நாளைக்கு முன்னால் போனில் இதைச் சொல்லும்போது உங்கள் குரல் தழுதழுத்தது. நான் "சந்தோஷம் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, பெட்டி சூடேறிவிட்டது என்று போனை வைத்துவிட்டேன். பெட்டியை நான் மூட்டவே இல்லை.

மாப்பிள்ளை, முற்றம் மூடிக் கிடக்கிறது. மேலே தகரம் போட்டிருக்கிறது. போட்டது நான்தான்.

அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து முற்றத்தில்தான் கிடத்தியிருந்தோம். நீங்கள் விமானம் ஏறி வந்து சேர வேண்டுமே என்று காத்திருந்தோம். அப்போது மழை பிடித்துக்கொண்டது. அந்த முற்றத்தில் மழை விழ வேண்டும் என்றுதான் அவள் கட்டினாள். ஆனால் அன்றைக்கு அவள் மேல் விழுந்தது. காய்ச்சலில் கிடந்த பிள்ளையை நனைய விடுகிறோமே என்று நான் கத்தினேனாம். மூன்றாவது வீட்டு பஸ் டிரைவர்தான் ஓடிப்போய் ஒரு தார்ப்பாய் கொண்டுவந்து கட்டினார். நீங்கள் வந்தபோது அந்தத் தார்ப்பாயைப் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு யார் அதையெல்லாம் கவனித்தது.

நீங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் நான் அதை அவிழ்க்கவில்லை. அந்த இடத்தில் வெயில் படுவதும் எனக்குப் பிடிக்கவில்லை, மழை படுவதும் பிடிக்கவில்லை. தார்ப்பாய் காற்றில் கிழிந்ததும் வெல்டிங் தம்பியைக் கூப்பிட்டுத் தகரம் போடச் சொன்னேன். "அக்கா உயிரோட இருந்தா என் கையை ஒடிச்சிருப்பாங்க" என்று அவன் தயங்கினான். "அவ இல்லையே, போடு" என்றேன். இந்தச் சொல்லை எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அவள் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். பழைய காலத்து வீடுகளையெல்லாம் அளந்து அளந்து பார்த்துத்தான் இந்த வரிசையை வரைந்தாள் என்று உங்களுக்குத் தெரியும். சாயங்காலக் காற்று வருகிற பக்கத்தைப் பார்த்துத் தெருவின் வாயை வைத்தாள். ஒரு வீட்டு நிழல் எதிர்வீட்டுச் சுவரில் விழுகிற மாதிரி தெருவைக் குறுக்கினாள். முற்றத்து வழியாகச் சூடு மேலே போய்விட வேண்டும், அந்த இடத்துக்குத் தெருவிலிருந்து புதுக் காற்று வர வேண்டும், மிச்சக் காற்று பின்சுவரில் உள்ள ஓட்டைச் செங்கல் வழியாக அடுத்த வீட்டு முற்றத்துக்குப் போக வேண்டும். மழைத்தண்ணீர் எல்லா முற்றத்திலிருந்தும் ஒரே கால்வாயில் ஓடி, தெருக் கோடியில் மரம் வைத்த பள்ளத்தில் நிற்க வேண்டும். இவ்வளவும் எனக்குப் புரிந்தது என்று நினைக்காதீர்கள். அவள் சொன்னது ஒன்றுதான் மண்டையில் நின்றது. "அம்மா, உன் வீடுதான் மூக்கு. நீ மூச்சு விட்டாத்தான் மத்த வீடெல்லாம் மூச்சு விடும்." அதற்காகத்தான் எனக்கு முதல் வீட்டைக் கொடுத்தாள். நான் மூக்கைப் பொத்திவிட்டேன்.

நான் மூடின கொஞ்ச நாளில் அடுத்த வீட்டுத் தையல்காரம்மா, புழுங்குகிறது என்று புலம்ப ஆரம்பித்தாள். மூன்று பெண்கள் அங்கே உட்கார்ந்து தைக்கிறார்கள், பாவம். வேர்வை விழுந்து துணி கறைபடுகிறது என்று ஏசி வாங்கினாள். ஏசி போட்டால் குளிர் மேலே போகக் கூடாதே, முற்றத்தை மூடினாள். அந்த மெஷின் தெருவில் சூட்டைக் கக்கியது. அதற்கு அடுத்த டிரைவர் வீட்டில் இருக்க முடியவில்லை. அவர்களும் மூடினார்கள். இப்படியே ஒவ்வொன்றாகக் கடைசி வீடு வரைக்கும் போய்விட்டது. இப்போது மழை பெய்தால் எல்லாத் தகரத்துத் தண்ணீரும் தெருவில் கொட்டி முழங்கால் அளவுக்கு நிற்கிறது. பள்ளத்துக்குப் போவதில்லை. தழைத்து நிற்கிறது என்று நான் சொன்ன மரங்கள் காய்ந்துகொண்டிருக்கின்றன.

இதுவரை எழுதினதைவிட இனி எழுதப் போவதுதான் எனக்குக் கூச்சம்.

ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. எல்லாரும் அவளைக் குறை சொன்னார்கள். "படிச்ச பொண்ணு ஏதோ புதுசா செஞ்சு பாத்திருக்கு, நாம எலி மாதிரி மாட்டிக்கிட்டோம்" என்றாள் தையல்காரம்மா. டிரைவர் நல்ல மனிதர், அவரே, "மேடம் கணக்கு எங்கேயோ தப்பிப்போச்சு போல" என்றார். கடைசி வீட்டுக்காரிக்கு ரேடியோ என்று பேர் வைத்திருக்கிறோம், நிறுத்தப் பொத்தான் கிடையாது. அவள் என் வாசலிலேயே உட்கார்ந்து, "வீட்டைக் கட்டினவ ஆயுசு மாதிரியே வீட்டுக் காத்துக்கும் ஆயுசு கம்மி" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

டிரைவர் மனைவிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. ஒரு நாள் மத்தியானம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதுகு பூராவும் வேர்க்குரு, பட்டாணி பட்டாணியாக. தூங்கவே மாட்டேன் என்கிறதாம். "அக்கா இருந்தா போய்க் கேட்டிருப்பேன்மா, என்ன பண்ணலாம்னு. அவங்க போனதோட காத்தும் போயிடுச்சு" என்றாள். அந்தப் பெண்ணுக்கு அவள் மேல் கோபமே இல்லை. நான் குழந்தைக்கு ஈரத்துணி போட்டு விசிறிவிட்டேன். தலைக்கு மேலே தகரம் சுட்டுக்கொண்டிருந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. செத்துப்போன பிள்ளை மேல் பழி விழட்டும், என் மேல் விழ வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தேன். பெற்றவள் செய்கிற காரியமா இது.

உங்கள் போன் வந்த மறுநாள் காலையில் வெல்டிங் தம்பியைக் கூப்பிட்டுத் தகரத்தைப் பிரிக்கச் சொன்னேன். எனக்குள் ஒரு நினைப்பு. என் வீட்டைத் திறந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் வரைக்கும் ஓட்டைச் செங்கல் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் அசையவில்லை. என் வீட்டுச் சூடு கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். அடுத்த வீடு மூடியிருக்கும்போது காற்று எங்கே போகும்.

அதனால் நேற்று துணி கொடுக்கப் போகிற சாக்கில் வீடு வீடாகச் சொன்னேன். என் பொண்ணு கணக்கு தப்பவில்லை, நான்தான் முதலில் மூடினேன், அதில்தான் எல்லாம் கெட்டது என்று. டிரைவர், "அடடே, பின்பக்கம் ஆளை இறங்க விடாம முன்பக்கம் ஏறு ஏறுன்னு நாம கத்தியிருக்கோம்" என்று சிரித்தார். லீவு நாளில் பிரித்துவிடுகிறேன் என்றார். தையல்காரம்மா சிரிக்கவில்லை. "இத்தனை நாளா உங்க பொண்ணை நான் என்னென்ன பேசினேன். கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே. எனக்குப் பாவம் சேரட்டும்னா?" என்று கேட்டாள். நான் நீட்டின துணியை வாங்கிக்கொண்டாள். இன்றைக்கு அவள் வீட்டுத் துணி தேய்ப்புக்கு வரவில்லை.

அவள் வீடு என் வீட்டுக்கும் டிரைவர் வீட்டுக்கும் நடுவில் இருக்கிறது. அவள் திறக்காமல் அந்தக் குழந்தைக்குக் காற்று போகாது. நான் எந்த முகத்தோடு மறுபடி போய்க் கேட்பது. ஏசியை நிறுத்தினால் தைக்கிற பெண்கள் வேகிறார்கள் என்று அவள் சொன்னால் அதுவும் நியாயம்தானே.

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ரேடியோ தெரு முழுவதும் ஒலிபரப்பிவிட்டாள். அதோடு ஒரு யோசனையும் கொண்டுவந்தாள். "ஆபீசருங்க வர்ற அன்னைக்கு மட்டும் எல்லாரும் கழட்டி வச்சிடுவோம். காத்து பிச்சுக்கிட்டு வரும். அவங்க பாத்துட்டுப் போனதும் மாட்டிக்கலாம். உங்க பொண்ணு பேரும் நிக்கும், எங்க ஏசியும் ஓடும்." இதற்கு எல்லாரும் சரி என்றுவிட்டார்கள். தையல்காரம்மாகூட, "அந்தப் பொண்ணுக்காக ஒரு நாள்தானே, செய்யறேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

மாப்பிள்ளை, நானும் சரி என்றுதான் சொன்னேன். உங்களிடம் மறைக்கவில்லை. படுத்த பிறகு யோசித்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கமும் இதே மாதிரி முதல் வீடு ஒன்று இருக்கும். அதிலும் ஒருத்தி குடிவருவாள். அவளுக்கும் ஏதாவது ஒரு நாள் வரும், முற்றத்தை மூடுவாள். குடும்பம் குடும்பமாக வெந்துபோய், இதை வரைந்தவள் யார் என்று கேட்பார்கள். சுவரில் பேர் எழுதியிருக்கும். இன்னொரு தடவை அந்தப் பழியை அவள் மேல் போடுவதற்கு நான் துணை போக மாட்டேன். காலையில் எழுந்ததும் ரேடியோவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "உங்களுக்கே அக்கறை இல்லைன்னா எங்களுக்கென்ன" என்று போய்விட்டாள்.

அதனால் இதைக் கேட்டுக்கொள்கிறேன். வருகிறவர்களைத் தடுக்க வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். உள்ளதை உள்ளபடி காட்டுங்கள். திறந்திருக்கிற வீட்டையும் காட்டுங்கள், மூடியிருக்கிற வீடுகளையும் காட்டுங்கள். ஒரு வீட்டை அடைத்தால் மற்ற வீடுகள் என்ன ஆகின்றன என்று அவர்கள் தெரிந்துகொண்டு கட்டட்டும். சாவி கொடுக்கிற அன்றைக்கே ஒவ்வொரு குடும்பத்தையும் உட்காரவைத்து, உன் வீட்டுக் காற்று உனக்கு மட்டும் சொந்தமில்லை என்று சொல்லிக் கொடுக்கட்டும். அவள் எனக்கு மட்டும்தான் சொன்னாள். அம்மா மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவாள் என்று நம்பியிருப்பாள்.

முதலில் மூடியது யார் என்று கேட்பார்கள். வரைந்தவளின் அம்மா என்று சொல்லுங்கள். வயதானவள், துக்கத்தில் செய்துவிட்டாள் என்று எனக்காகப் பூசி மெழுக வேண்டாம். நானும் பக்கத்தில் நின்று தலை நிமிர்ந்து ஆமாம் என்று சொல்லப் பார்க்கிறேன். நிமிர முடியவில்லை என்றால் குனிந்துகொண்டே சொல்கிறேன். அதைக் கேட்டுவிட்டு அவர்கள் கட்ட வேண்டாம் என்று போனால் போகட்டும். கணக்கு சரியாக இருந்தது என்றாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தையல்காரம்மாவிடமும் நீங்கள் ஒரு வார்த்தை பேசினால் கேட்பாள். உங்கள் மேல் அவளுக்கு மரியாதை உண்டு.

கடிதம் கிடைத்ததும் உடனே போன் செய்ய வேண்டாம். கோபம் வரும், வரட்டும், அது ஆறட்டும். உங்கள் அம்மா உங்களுக்கு ஒரு பெண் பார்த்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். இதை என்னிடம் சொல்ல நீங்கள் சங்கடப்படுகிறீர்கள் என்றும் தெரியும். நல்ல இடமாக அமையட்டும், நீங்கள் நிறைந்த வாழ்வு வாழ வேண்டும். இதைப் படித்த பிறகு என்னை அத்தை என்று கூப்பிடத் தோன்றவில்லை என்றாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். ஆனால் கல்யாணம் முடிந்து வரும்போது அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கே வாருங்கள். லாட்ஜில் தங்க வேண்டாம். இரண்டு பேருக்கும் பாய் விரித்து வைக்கிறேன்.

அவளைப் பெற்றவள்,
முதல் வீடு.