பிரபு போன பிறகு கீழ்மடை

அக். 8, புதன்

காலையிலிருந்தே புழுக்கம். மேற்கே கறுத்துக் கிடக்கிறது. பெய்யவும் இல்லை, விடவும் இல்லை. அறுத்த குறுவை நெல் களத்தில். அப்பா வானத்தைப் பார்ப்பதும் வெற்றிலை போடுவதுமாக.

ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாள்கள் திருத்த உட்கார்ந்தேன். காதில் கீழ்மடை. மன்னார்குடிப் பக்கம் போஸ்ட்-ஹார்ட்கோர் என்கிற கத்தல் ராக் வாசிக்கிற ஒரே பேண்ட். தொண்டை கிழியக் கத்தி, அடுத்த வரியிலேயே ஆள் மாறினதுபோலக் குழைந்து பாடுவான் பிரபு. போன மாதம் சிங்கப்பூர் போய்விட்டான், வேலைக்கு. ரசிகர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை. ஏர்போர்ட்டிலிருந்து ஒரு ஸ்டேட்டஸ், விமானப் படத்தோடு. அவ்வளவுதான்.

கோபம் ஆறவில்லை. ஆனாலும் அவன் குரலைத்தான் கேட்கிறேன். வெட்கங்கெட்ட காது.

அம்மா வழக்கம்போல: "எதுக்குடி இப்புடிக் கத்துறான்? வயித்து வலியா?"

அக். 9, வியாழன்

மதன் போன் செய்தான். கித்தார் அவன்தான், பேண்டுக்குத் தலையும் அவன்தான். புதுப் பாடகி கிடைத்துவிட்டாளாம். செல்வி, வேதாரண்யம், நர்ஸ். ஞாயிறு மாலை ரைஸ் மில் களத்தில் முதல் ஷோ.

"டீச்சர், நாலு பேராச்சும் வரணும். பிரபு இல்லாம எவன் வருவான்னு கேக்கறானுங்க. ஈ ஓட்டுனோம்னா இதோட மூட்டை கட்டிட வேண்டியதுதான். டிரம்ஸை விக்க ஆளே பாத்தாச்சு."

நர்ஸாம். ஊசி போடும்போதுகூட "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று மெதுவாகப் பேசுகிறவர்கள். அவள் எங்கே கத்துவது. போகக் கூடாது என்று நினைத்தேன். மதனிடம் சொல்லவில்லை.

யாஸ்மினிடம் சொன்னேன். எங்கள் பள்ளியில் பிசிக்ஸ், வீடு கூத்தாநல்லூர், இதே பைத்தியம். "கோவம் பிரபு மேல. மதன் என்னடி பண்ணுவான், பாவம்?" நியாயம்தான். ஆள் சேர்க்க ஃப்ளெக்ஸ் வைப்பது என்று முடிவு. காது குத்துக்கே ஃப்ளெக்ஸ் வைக்கிற ஊர். எங்கள் பேண்டுக்கு வைத்தால் என்ன?

அக். 10, வெள்ளி

தூறல், உடனே நின்றது.

ஃப்ளெக்ஸ் கடைக்கு வாட்ஸப்பில் அனுப்பியது: பிரபு போட்டோ, கறுப்பு வெள்ளை, கண் மூடிப் பாடுவது. (செல்வி போட்டோ வரவில்லை. கோபம் வேறு, நன்றி வேறு என்கிறாள் யாஸ்மின்.) வாசகம்: நன்றி பிரபு. ஞாயிறு மாலை 5 மணி, ரைஸ் மில் களம். அனைவரும் வரவும். கீழே, கீழ்மடை ரசிகர்கள். கலர் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். எங்கள் பேண்டுக்கு எப்போதும் கறுப்புதான்.

வாங்க: கொசுவத்தி, சிவப்பு மை, ரவை.

அக். 11, சனி

ஐயோ.

பஸ் ஸ்டாண்டில் பிரபு. கழுத்தில் ரோஜா மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, சுற்றிக் கறுப்பு பார்டர்.

கடைக்காரர்: "கறுப்பு வெள்ளை போட்டோ, கண்ணு வேற மூடியிருக்கு. கலரே வேணாங்கிறீங்க. நான் வேற என்னத்தம்மா நினைக்கிறது? மாலையெல்லாம் நம்ம செலவுலதான் போட்டுவிட்டேன்."

ஒன்பது மணிக்குள் அவிழ்த்துச் சுருட்டியாயிற்று. அதற்குள் எல்லா குரூப்பிலும் போய்விட்டது. யாஸ்மினைக் கூட்டிக்கொண்டு பிரபு வீட்டுக்குப் போனேன்.

அவன் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இப்பதான் அவன்கிட்ட வீடியோல பேசிட்டு வெளிய வரேன், துக்கம் கேக்க ஆளு நிக்குது. எம்புள்ளை குத்துக்கல்லாட்டம் இருக்கான்டி!" வாங்கிக் கட்டிக்கொண்டோம். பிறகு காபி கொடுத்தார். அவர் போனிலேயே பிரபு வந்தான்.

"டீச்சர், நான் எப்ப செத்தேன்?"

சிரிக்கத்தான் வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "சொல்லாம போனேல்ல. எங்களுக்கு அன்னிக்கே."

"சொல்ல வந்திருந்தா போயிருக்க மாட்டேன் டீச்சர்."

இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம். ராஸ்கல்.

அக். 12, ஞாயிறு

மில் களம். ஐந்து மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வெள்ளைச் சட்டை, கையில் மாலை. நாங்கள் குரூப்பில் போட்ட மறுப்புச் செய்தி போய்ச் சேரவில்லை. துக்கச் செய்தி மட்டும் எல்லாருக்கும் சேர்ந்திருக்கிறது. மதன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

காப்பாற்றியது பிரபுவின் அம்மா. கேட்டில் நின்றுகொண்டு ஒவ்வொருவரிடமும், "உசுரோட இருக்கான். வந்ததுதான் வந்தீங்க, உள்ள உக்காருங்க, பாட்டு இருக்கு." கொண்டுவந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் டிரம்ஸில் மாட்டினார்கள். களம் நிறைந்துவிட்டது. பிரபு இருந்தபோதுகூட இவ்வளவு கூட்டம் இல்லை.

செல்வி ஒல்லி. மைக் முன்னால் நின்று "வணக்கம்" என்றது பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. அப்புறம் கத்தினாள். முன்வரிசைப் பெரியவர் டீயை மடியில் கொட்டிக்கொண்டார்.

இரண்டாம் பாட்டில் மழை. சும்மா இல்லை, சடசடவென்று. ஆம்ப் நனைந்தால் எல்லாம் போச்சு. மதன் வயரைப் பிடுங்கப் போனான். "அந்தப் பேனரை எடுடி!" யாஸ்மின்தான். என் ஸ்கூட்டரில் சுருட்டி வைத்திருந்தது. பிரித்தோம். ஒரு மூலை நான், ஒன்று யாஸ்மின், ஒன்று மாலை கொண்டுவந்த யாரோ ஒருவர், நாலாவது பிரபுவின் அம்மா. களத்தில் நெல்லுக்குத் தார்ப்பாய் பிடிக்கிற மாதிரி.

அடியில் செல்வி பாடினாள், பிரபுவின் பாட்டு. அவன் கத்தினால் சண்டைக்கு வருவது போல இருக்கும். இவள் கத்தினால் விழுந்தவரைத் தூக்கிவிட வருவது போல. அதே வரிகள்தான். அவன் குரல் இல்லை. ஆனால் அது கீழ்மடைதான், சந்தேகமே இல்லை.

பிரபுவின் அம்மா அண்ணாந்து மகன் முகத்தைப் பார்த்தார். "நல்லாத்தான்டா கத்துது பொண்ணு," என்றார், அவனிடமே சொல்வது போல.

இரண்டு கையும் மேலே. அழுகை வந்தபோது துடைத்துக்கொள்ள முடியவில்லை. மழையாக இருந்தது நல்லதாயிற்று.

அக். 13, திங்கள்

தொண்டை கட்டிவிட்டது. போர்டில் எழுதியே பாடம். பிள்ளைகளுக்கு ஏகக் கொண்டாட்டம்.

அப்பா களத்து நெல்லை மூட அந்த ஃப்ளெக்ஸைக் கேட்டார். தலையாட்டினேன்.

மதியம் மதன் மெசேஜ்: "டீச்சர், ஃப்ளெக்ஸை யாருக்கும் குடுத்துடாதீங்க. வர்ற ஞாயிறு ஷோவுக்கும் மழையாம்."

அப்பாவிடம் வேறு தார்ப்பாய்க்குச் சொல்ல வேண்டும்.