பொட்டு வைத்த கற்கள்

இன்று காலை உன் வீட்டுப் பின்கட்டில், கற்கள் ஊறும் நீல டிரம்மின் மூடியைத் திறந்தேன். சேற்று நாற்றம் போயிருந்தது. அலை விலகியதும் கரையில் எழும் வாடை மட்டும் இருந்தது. அந்த வாடை வந்தால் கல் தயார் என்று சொல்லியிருந்தாய். நீ போய் ஒரு மாதம் ஆகிறது.

கள்ளக்குறிச்சியில் கடல் இல்லை. தனி மாவட்டம் கேட்டவர்கள்கூட இந்தக் குறையைச் சொல்லவில்லை. நில அளவையரான உனக்கு, சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி நிறையக் கடல் வேண்டியிருந்தது. கல் பொந்திலிருந்து ஒரு ஜோடி கோமாளி மீன் எட்டிப் பார்ப்பதை உன் கண்ணால் பார்க்க வேண்டும். வேறு ஆசை எதையும் நீ சொல்லி நான் கேட்டதில்லை.

கடலிலிருந்து பவளப்பாறை எடுப்பது குற்றம் என்று வக்கீலான எனக்கே நீதான் சொன்னாய். ஆகவே கல் தேடிக் கல்வராயன் மலை ஏறினோம். ஓடையில் ஒரு கருங்கல்லைத் தூக்கிப் பார்த்து அங்கேயே போட்டாய்.

"கனத்தப் பாரு வக்கீலு. உள்ள ஓட்டையே இல்ல. ஓட்டையிலதான்யா அழுக்கத் திங்கிற கிருமி குடியிருக்கும்."

சிவப்புக் கோடு ஓடிய கல் ஒன்றை அழகென்று நீட்டினேன். "துரு. மீனு செத்துடும்" என்றாய். என் மனுக்களை எந்த நீதிபதியும் இவ்வளவு சுருக்கமாகத் தள்ளுபடி செய்ததில்லை.

கடைசியில் எலவனாசூர்கோட்டைப் பக்கம் சுக்கான் கல் கிடைத்தது. சுண்ணாம்பு இறுகி, துளைதுளையாக, கையில் எடுத்தால் லேசாக இருக்கும் கல். கரும்புக் கொல்லையில் கிடந்ததை நீ தொடவில்லை. உரம் ஊறியிருந்தால் தொட்டியில் பாசி அப்பிவிடுமாம். தரிசில்தான் பொறுக்கினாய். ஒவ்வொன்றிலும் வினிகர் சொட்டு விட்டு, நுரைத்ததை மட்டும் எடுத்தாய். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் கிட்டே வந்தாள்.

"இன்னா சார், கல்லுக்கு மருந்து ஊத்திக்கினு இருக்கறீங்க?"

"மீனுக்கு வூடு கட்றோம்மா."

"மீனுக்குப் புளி கரைக்கணும் சார். கல்லு இன்னாத்துக்கு?"

சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாய்.

அந்த ஒன்பது கற்களும் கிருமி குடியேறுவதற்காக நீல டிரம்மின் உப்புத் தண்ணீரில் மூன்று மாதம் ஊறின. ஆயுத பூஜையன்று காலை கடைசியாக அலசி, துவைக்கும் கல்லின்மேல் அடுக்கி, ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டு மகனுடன் டயாலிசிஸுக்குப் போனாய். மாலையில் தொட்டிக்குள் இறக்குவதாகத் திட்டம். பூஜை வேலைக்கு நான் வந்திருந்தேன்.

"அவரு சாமானுக்கெல்லாம் பொட்டு வெச்சிடுங்க அண்ணே. ஒண்ணும் வுட்ற வேணாம்" என்றாள் உன் மனைவி.

கடவுள் இல்லை என்று நாற்பது வயதிலேயே முடிவுக்கு வந்தவன் நான். பூஜை வேலையில் மட்டும் குறை வைப்பதில்லை. அளவுச் சங்கிலிக்கு வைத்தேன். பைக்குக்கு வைத்தேன். சாக்கை விலக்கி, ஒன்பது கற்களுக்கும் சந்தனம் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தேன். ஈரக்கல் சாயத்தை நன்றாகக் குடித்தது.

நீ திரும்பி வந்து கதவு நிலையைப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்தாய்.

"இன்னா வக்கீலு, ஒம்பது ஊருக்குச் சாமி ரெடி பண்ணிட்ட போல."

கடைக் குங்குமம் வெறும் சாயம், பொந்துக்குள் இறங்கியிருக்கும், மீனுக்கு ஆகாது என்றாய். வேறு கல் கொண்டுவருகிறேன் என்றேன். "அதுவும் ஊறணும், இதுவும் ஊறணும். மூணு மாசம்தானே. எங்கப் போவப் போறேன்?" பிறகு குரலைத் தாழ்த்தினாய். "அவகிட்ட சொல்லிடாத. வெக்கச் சொன்னதே அவதான். ஒடஞ்சிடுவா."

அதன்பின் வெறும் உப்புத் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்த தொட்டியின் முன் தினமும் உட்கார்ந்திருந்தாய். கார்த்திகை தீபம் கழிந்த மறுவாரம் போய்விட்டாய். நான் கையைச் சும்மா வைத்திருந்தால், அந்த இரண்டு மாதமும் மீன் பார்த்திருப்பாய்.

இன்று கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் இறக்கி அடுக்கினேன். மீன் அடுத்த வாரம் வரும். உன் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"அவரு இருந்தப்பவே போட்டிருக்கலாம் இல்ல அண்ணே? இன்னாத்துக்கு மறுபடியும் அவ்ளோ நாளு ஊற வெச்சாரு?"

"அவன் எதுலம்மா திருப்தி ஆனான்? இன்னும் ஊறட்டும், இன்னும் ஊறட்டும்னுகினே இருந்தான்."

"ஆமா. எல்லாத்துலயும் அப்பிடித்தான். பிடிவாதம் ஜாஸ்தி. பாக்காமலே போய்ட்டாரு பாருங்க." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலில் அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது.

எதிர்த்தரப்பு ஆஜராகாத வழக்கு, சுலபமாக ஜெயித்துவிட்டேன். அவள் உன்மேல் கோபமாக இருக்கிறாள். அது எனக்கு வர வேண்டிய கோபம். அதை அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்ள நீ எனக்கு அனுமதி தந்துவிட்டுப் போகவில்லை.