முள்ளுப் பார்த்துச் சாப்பிடுங்கோ

உம்முடைய நீலக் கதிரையை இன்றைக்கு பள்ளிக்கூட அதிபரின் கந்தோரில் கண்டேன். நாடக அறையில் ஒருவரையும் குந்தவிடாமல் நீர் காத்த கதிரை. அதில் பைல்களை அடுக்கி வைத்திருந்தார்கள். வந்த கோபத்தில் பைல்களை நிலத்தில் இறக்கிவிட்டு, கதிரையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைக் கடந்து வந்தேன். நாடக அறை வாசலில் நின்ற கழுதைகூட ஒதுங்கி வழிவிட்டது. நீர் கண்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்.

நாளைக்குத் தனிநடிப்புப் போட்டி. நீர் எழுதிய அதே பிரதிதான். கடலுக்குப் போய்ப் பிந்தி வந்த புருஷனை ஒருத்தி ஏசுகிறாள். அவன் வாயே திறப்பதில்லை. மேடையில் அவள் மட்டும், எதிரே வெறுங்கதிரை. "இப்பத்தான் வாறியளோ? சோறு ஆறிப்போச்சு" என்று தொடங்கும். இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது, சொல்லும்? ஆனால் பேசாலையில் இருந்து வரும் ஜெனிற்றா முதல் வரியையே தவக்காலத்தில் கோயிலில் பசாம் ஒப்பாரி பாடுகிற மாதிரி இழுத்தாள். சோறு என்ற சொல்லுக்கே கண்ணீர் வந்துவிட்டது. ஏன் பிள்ளை அழுகிறாய் என்று கேட்டேன்.

"அவர் ஒண்டும் கதைக்கேல்லைத்தானே ரீச்சர். கடலில செத்திட்டார்."

வருஷா வருஷம் இதே மறுமொழி. நாம் இரண்டு பேரும் சேர்ந்து பழக்கிய காலத்திலும் இதைத்தான் சொன்னார்கள். நான் தலையில் கைவைத்துக்கொண்டு இருப்பேன். நீர் வழக்கம்போலப் பிந்தி வந்து, வந்த வேகத்திலேயே கேட்பீர்: "மறுமொழி சொல்லாத ஆக்களெல்லாம் செத்த ஆக்களே? உங்கட அப்பாமார் வீட்டில கதைக்கிறவையோ?" வகுப்பே சிரிக்கும். பிறகு பிரதியைக் கையில் கொடுத்து, அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அத்தாட்சி தேடச் சொல்வீர். "முள்ளுப் பார்த்துச் சாப்பிடுங்கோ" என்ற வரியை யாராவது பிடிக்கும்வரை விடமாட்டீர். செத்தவருக்கு மீன்முள்ளுக் குத்துமோ என்று கேட்பீர்.

நானும் அதையே கேட்டேன். வயல்பக்கத்தில் இருந்து வரும் பிள்ளை ஒன்று எழும்பி, தங்கள் வீட்டில் செத்தவைக்கும் சோறு படைப்பார்கள் என்றது. இந்த மாதிரி நேரத்தில் எங்கே போய்த் தொலைந்தீர்? உம்மைச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்த நாளில் இருந்து எல்லாக் கேள்வியும் என் தலையில்தான் விழுகிறது.

அதற்குள் அதிபர் எட்டிப் பார்த்தார். போனமுறை எங்கள் பிள்ளை அழாமல் செய்து தோற்றதை ஞாபகப்படுத்தினார். உணர்ச்சி காணாது என்று நடுவர்கள் சொன்னார்களாம். நல்லா அழட்டும், விடுங்கோ ரீச்சர் என்றுவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏசுவது உணர்ச்சி இல்லையா? கண்ணீர் வந்தால்தான் கணக்கா?

ஜெனிற்றா பிரதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "செத்தவைக்குப் படைக்கேக்க முள்ளுப் பாருங்கோ எண்டு சொல்லமாட்டினம் ரீச்சர். இவ கோவத்திலயும் அவரைக் கவனிக்கிறா."

போய் உம்முடைய கதிரைக்கு முன்னால் நின்றாள். இழுவை இல்லை, கண்ணீர் இல்லை, வீட்டில் ஏசுகிற அதே குரல். முள்ளு என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் தணிந்தது. அந்தக் கதிரையில் ஆள் இருந்தது, எல்லோரும் கண்டோம்.

இப்படிச் செய்தால் பரிசு கிடைக்காமல் போகலாம் என்று அவளிடம் சொன்னேன். ஓம் ரீச்சர், தெரியும் என்றாள். அப்படியே போகட்டும். அதிபருக்கு நான் மறுமொழி சொல்கிறேன்.

உம்மை நினைத்து நான் அழவேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு வருவதெல்லாம் கோபம்தான். இவ்வளவு ஏசியும் நீர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன? கதிரையை நாளைக்கு நானே மேடையில் கொண்டுபோய் வைப்பேன். இந்த முறையாவது பிந்தாமல் வாரும்.