எது சுலபம் என்று கேட்டாயே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். என் மானத்துக்கு மட்டும்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லை.

செவ்வாய்க்கிழமை ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டுக்கு எண்ணெய் போட்டு முடித்து, சோதனைக்காக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தேன். தனியாகத்தானே இருக்கிறோம் என்று, நீ இருக்கும் நாட்டு டச்சு மொழியின் அந்தத் தொண்டை எழுத்தைப் பழகினேன். முள் சிக்கியவன் காறுகிற மாதிரி வர வேண்டும் என்று போனில் பாடம் நடத்தும் அம்மாள் சொல்லியிருந்தார். அவசர மணிப் பொத்தானில் என் முழங்கை அழுந்தியிருந்ததை நான் கவனிக்கவில்லை. காறியதெல்லாம் கீழே காவலாளியின் ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறது. கதவு திறந்தால் எதிரே ஸ்ட்ரெச்சரோடு நாலு பேர். காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க உயிரோடதான் இருக்கீங்களா? அப்ப செத்தது யாருண்ணே?" என்றார். அது டச்சு என்று விளக்கினேன். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் எனக்கு டச்சுக்காரர் என்று பெயர்.

உன் கேள்விக்காக நான் இரண்டு பாஷை படிப்பதில் உன் அம்மாவின் கேலி வேறு. "கட்டின ஒருத்திகிட்டயே ஒழுங்கா பேசத் தெரியல, இதுல ரெண்டு பாஷை கேக்குதா இந்த வயசுல?" என்கிறாள். ஆனால் நான் பாடம் கேட்கும்போது அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள்.

இந்தக் கடிதத்தை வீட்டு முகவரிக்கு அனுப்பாமல் நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி முகவரிக்கு அனுப்புகிறேன். காரணம் உனக்கே தெரியும். உங்கள் வீட்டு போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுகிறது.

போன ஞாயிறு மாப்பிள்ளை வீடியோவில் வந்து, புது ஊரில் தங்கமான வேலை கிடைத்துவிட்டது, அங்கே எஸ்டோனிய மொழி, மாதக் கடைசியில் கிளம்புகிறோம் என்றார். அம்மா சந்தோஷப்பட்டாள். நானும் வாழ்த்தினேன். திரையின் ஓரத்தில் உன் பாதி முகம்தான் தெரிந்தது. நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்: "அப்பா, டச்சு, எஸ்டோனியன், ரெண்டுல எது சுலபம்?" கேட்டுவிட்டு அடுப்பை அணைக்கப் போனவள் திரும்பி வரவில்லை.

பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் கருணை மதிப்பெண்ணில் கரை ஏறியவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் கேட்டது நீ. அதனால் படித்தேன்.

டச்சு ஆங்கிலத்துக்குப் பங்காளி. தண்ணீர் 'வாட்டர்', பால் 'மெல்க்'. நீளமான வாக்கியத்தில் வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில் போய் உட்காருகிறது. தொல்லை என்னவென்றால், ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால், ஆங்கில 'தி' மாதிரி, இரண்டு முன்னொட்டில் ஒன்றைப் போட வேண்டும். எதற்கு எது என்று கேட்டால், மனப்பாடம் பண்ணு என்கிறார்கள். அதைவிடத் தொல்லை, நாம் திக்கினால் அந்த ஊர்க்காரர்கள் பாவம் பார்த்து ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள், பழகவே விடமாட்டார்கள் என்று நீயே முன்பு அழுதாய்.

எஸ்டோனிய மொழிக்கு ஆங்கிலம் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. தண்ணீர் 'வெசி', பால் 'பீம்'. பால் கேட்டால் பீமன் வருவானா என்றாள் அம்மா. ஆனால் அந்த முன்னொட்டுச் சனியன் கிடையாது. அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல். நம்மைப் போலவே வேற்றுமையை வால் ஒட்டிச் சொல்கிறார்கள். வீடு 'மயா', வீட்டில் 'மயாஸ்', வீட்டிலிருந்து 'மயாஸ்ட்'. நாம் எட்டு வேற்றுமையோடு தப்பித்தோம், அவர்களுக்குப் பதினான்கு. குறில், நெடில் போதாதென்று நெடிலுக்கும் மேலே இன்னொரு நெடில் வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் லிஃப்ட் ஒரு மாடி ஏறிவிடும்.

வெறுங்கையோடு தொடங்குகிறவர்களுக்கு என் தீர்ப்பு இது: சீக்கிரம் கடைகண்ணிக்குப் போய்ப் பேச டச்சு. நின்று நிதானமாகப் படிக்கிற தமிழ்க் காதுக்கு எஸ்டோனியனும் பூதம் இல்லை.

புதன்கிழமை மாப்பிள்ளை தெருவிலிருந்து தனியாக என்னை அழைத்தார். "மாமா, அது நம்ம தமிழ் மாதிரிதான், ஈசியா பிடிச்சுக்குவா. வீட்டுக்காரர்கிட்ட காலி பண்றோம்னு சொல்லிட்டேன். அவ ஆஸ்பத்திரியில ராஜினாமா குடுக்கணும், அதுதான் பாக்கி. நீங்க சொன்னா தட்டமாட்டா" என்றார். உன்னிடம் கேட்டதற்கு நீ மறுப்பே சொல்லவில்லையாம்.

அவர் பொய் சொல்லவில்லை. தமிழ் மாதிரி என்பது பாதி உண்மைதான். ஆனால் நீ வெறுங்கையோடு தொடங்குகிறவள் இல்லையே. ஒருமுறை தோற்று, மறுமுறை டச்சு மொழித் தேர்வை எழுதித் தேறிய பிறகுதானே உன்னை வார்டில் நர்ஸாகத் தனியாக நிற்கவிட்டார்கள்? காலொடிந்த கிழவர் ஒருவர் ஏதோ சொல்ல, நீ விழுந்து விழுந்து சிரித்தாயாம். சிரித்து முடித்த பிறகுதான் அவர் பேசியது டச்சு என்று உனக்கு உறைத்ததாம். அன்றைக்கு நீ போனில் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நேற்று நான் மெஷின் அறையில் இருந்தேன், கூட்டாளி லிஃப்டுக் கூண்டின் தலைமேல். நான் "கீழே" என்று குரல் கொடுத்தால் அவர் "கீழே" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கூண்டை நகர்த்துவேன். இரண்டு தடவை கூப்பிட்டேன், பதில் இல்லை. பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு ஓடிப் போய்ப் பார்த்தேன். வாய் நிறைய நட்டைக் கவ்விக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார். துப்பிவிட்டு, "வாயில இவ்வளவு வெச்சுக்கிட்டு எப்படிங்க பேசுறது?" என்று என்னையே திட்டினார்.

மௌனம் சம்மதம் என்பார்கள். எங்கள் தொழிலில் அப்படி எடுத்துக்கொண்டால் மேலே நிற்கிறவன் நசுங்கிப்போவான். உன் கேள்வி எனக்கு அப்போதுதான் விளங்கியது; நீ கேட்டது பாஷையைப் பற்றியே இல்லை. இவ்வளவு இலக்கணம் படித்தும் மண்டையில் ஏறாதது அந்த நட்டைப் பார்த்ததும் ஏறியது.

விரைவுத் தபாலில் போடுகிறேன், மாதக் கடைசிக்குள் வந்துவிடும் என்கிறார்கள். இது கிடைத்ததும் ஆஸ்பத்திரியிலிருந்தே என்னைக் கூப்பிடு. அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே. போகிறேன் என்றாலும் சரி, இருக்கிறேன் என்றாலும் சரி, உன் வாயால் சொல். யார் முகம் கோணினாலும் அதைப் பார்த்துக்கொள்ள நானும் அம்மாவும் இருக்கிறோம்.

வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொள். நீ நிமிர்ந்து நடக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் ஆசி.

இப்படிக்கு,
உன் அப்பா (டச்சுக்காரர்)

பி.கு.: மாப்பிள்ளைக்கு என்ன பதில் சொன்னேன் என்று எழுதாமல் விட்டுவிட்டேன். "சரிங்க மாப்பிள்ளை, பேசிப் பாக்குறேன்" என்றுதான் சொன்னேன். அம்மா பக்கத்தில் இருந்தாள், அவரும் அவசரத்தில் இருந்தார். தொண்டை வரைக்கும் வந்து நின்றது வேறு: "அவ அங்கேயே இருக்கட்டும் மாப்பிள்ளை, நீங்க போயிட்டு வாங்க."