பன்னிரண்டு வரை

என்னங்க,

போட்டில் ஏறும்போது சொன்னீர்களே, அந்தப் பழைய இங்கிலாந்து ராக் குழுவின் பாட்டுகளில் ப்ளூஸ் வகையை மட்டும் பிரித்துப் பென்டிரைவில் போட்டு வைக்கச் சொல்லி. முப்பத்தொன்று சேர்ந்துவிட்டது.

"தாளத்த நாலு நாலாத் தட்டி, பன்னெண்டு தடவ எண்ணு. பாட்டு கெளம்புன எடத்துக்கே திரும்புச்சுன்னா அது ப்ளூஸு" என்றீர்கள். அப்படித்தான் எண்ணுகிறேன். மீன் எண்ணுகிற பழக்கத்தில் ஒன்றுக்குப் பதிலாக "லாபம்" என்றுதான் வாயில் வருகிறது. நீங்கள் இருந்தால் சிரிப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடுவீர்கள் என்று வைத்த புளிக்குழம்பை மூன்று நாளாகச் சூடுபண்ணுகிறேன். கெடவில்லை.

உங்கள் தம்பி ஜெரால்டு மீனவர் சங்க ஆபீஸிலிருந்து வந்தான். "இலங்கை நேவி நாலு போட்டப் புடிச்சிருக்காங்களாம் மதினி. போட்டு நம்பர் இன்னும் வரல" என்றான். நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். பாட்டு என் போனில்தான் ஓடுகிறது. யாராவது கூப்பிட்டால் நின்றுவிடும். அதனால் அழைப்பு வந்ததா என்று போனைப் பார்க்காமலே ஒவ்வொரு பாட்டையும் கேட்கிறேன்.

முப்பத்திரண்டாவது பாட்டு எண்ணிக்கைக்குள் வரவில்லை. பாதியில் தாளம் விட்டுப்போகிறது. அதை நீங்கள் வந்து கேட்டுச் சொல்லுங்கள்.

நீங்கள் கடலுக்குப் போன சனிக்கிழமையை லாபம் என்று வைத்தேன். இன்றைக்கு நாலு. பன்னிரண்டு வரை என்னை எண்ண வைத்துவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி