தெக்லாவின் பெயரைக் கப்பல் பட்டியலிலிருந்து நீக்கக் கோரி

அனுப்புநர்:
அதெலாயித்,
காலஞ்சென்ற சிப்பாய் வாலென்டி ஓஷ்காவின் மனைவி,
கசால், ஹைட்டி.

பெறுநர்:
மாவட்டத் தளபதி அவர்கள்.

பொருள்: என் பதினான்கு மாதக் குழந்தை தெக்லாவை ‘வெள்ளையர்’ எனப் பதிந்து, ஐரோப்பா செல்லும் கப்பலின் பட்டியலில் சேர்த்ததைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதால் இம்மனு தாமதமாகிறது, பொறுத்தருளவும். அடிமையாயிருந்த காலத்தில், எஜமானியின் மகளுக்குத் துணையாகக் கன்னியர் மடத்தில் தங்கியபோது எழுதக் கற்றவள் நான்.

2. என் கணவர் பிரெஞ்சுப் படையோடு வந்த போலந்துக்காரர். நம்மை மீண்டும் அடிமையாக்கவே தம்மைக் கூட்டிவந்தார்கள் என்று தெரிந்ததும், துப்பாக்கியோடு நம் பக்கம் வந்துவிட்டார். ஊர் திரும்ப விரும்பும் போலந்துக்காரர்களைத் துறைமுக எழுத்தர் பதிந்தபோது, “நான் வரல. மரவள்ளி இங்கதான் நட்டிருக்கேன்” என்றார். சென்ற மாதம் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார்.

3. இறப்பைப் பதியப் போனபோது குழந்தையையும் தூக்கிச் சென்றேன். எழுத்தர் அவள் தொப்பியை விலக்கி, செம்பட்டை முடியையும் நீலக் கண்ணையும் பார்த்தார். “வெள்ளைக் குட்டி. கப்பல்ல இடம் இருக்கு, இதையும் அனுப்பிடலாம்” என்றார். கீழே நான்காம் பத்தியில் உள்ள சட்டத்தைச் சொன்னேன். “சட்டம் என்ன வேணா சொல்லட்டும்மா, எனக்குக் கண்ணு இருக்கே!” என்றார். உடன் வந்த சலவைக்காரி ஒர்தான்ஸ், “அந்தக் கண்ணக் கழட்டிக் குடுய்யா, அடிச்சுத் துவச்சுத் தர்றேன்” என்றாள். வரிசையே சிரித்துவிட்டது. அந்தக் கோபத்தில்தான் குழந்தையின் பெயரைப் பட்டியலில் எழுதினார் என்று நினைக்கிறேன். ஒர்தான்ஸுக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

4. மே மாதச் சட்டப்படி, இங்கு தங்கிய போலந்துக்காரர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஹைட்டியர். ஹைட்டியர் அனைவரும், நிறம் எதுவாயினும், கறுப்பர் என்றே அழைக்கப்பட வேண்டும். என் கணவர் கறுப்பராகவே இறந்தார். என் மகளும் கறுப்பர்.

5. வியாழனன்று அவளைத் துறைமுகத்தில் ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் இன்னும் பால் குடிக்கிறாள். அந்தக் கரையில் அவளை யார் வாங்கிக்கொள்வார்கள் என்று கேட்டேன். அது தம் வேலை இல்லை என்றார் எழுத்தர்.

6. எட்டு வயதில் என்னைத் தாயிடமிருந்து பிரித்து விற்றார்கள். அன்றும் ஒரு பட்டியல் இருந்தது. வாங்கியவர் என் தோளில் சுட்ட எழுத்துகளை இனி யாராலும் அழிக்க இயலாது. எழுத்தர் எழுதியது மையால்தான். அந்த ஒரு வரியை வியாழனுக்குள் அடித்துத் திருத்த உத்தரவிடுமாறு வேண்டுகிறேன்.

புதன் காலை முதல் குழந்தையோடு தங்கள் அலுவலக வாசலில் நிற்பேன். தொப்பி போடாமல் தூக்கி வருகிறேன்.

இடம்: கசால்
நாள்: 18 ஆகஸ்ட் 1805, சுதந்திரத்தின் இரண்டாம் ஆண்டு

இப்படிக்கு,
அதெலாயித்,
தெக்லாவின் தாய்