சுழல்பாதைச் சனிக்கிழமைகள்

மார்ச் 6, வியாழன்
சாக்பீஸ் நான்கு பெட்டி கேட்டிருந்தேன். தலைமை நூலகர் இரண்டுதான் கொடுத்தார். "கோடு போட்டு விளையாடறதுக்கு நூலகம் எதுக்கும்மா?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி வந்தேன்.

மாதக் கடைசியில் நீதிமன்ற ஆலோசகர் மகளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்கப்போகிறார், அம்மாவிடம் எத்தனை நாள் இருக்க விருப்பம் என்று. பதினொரு வயதுப் பிள்ளையின் ஒரு வார்த்தையில் என் மீதி வாழ்க்கை. இப்போது எனக்குக் கிடைப்பது சனிக்கிழமை மட்டும். பத்து மணிக்கு அவளுடைய அப்பா நூலக வாசலில் இறக்கிவிடுவார், வண்டியை அணைக்காமலே. ஐந்து மணிக்கு வந்து அழைத்துக்கொள்வார். என் ஒற்றை அறையில் அவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்காகத்தான் இந்தச் சனிக்கிழமை வகுப்பையே ஆரம்பித்தேன். இந்த மாதம் சுழல்பாதை, தரையில் போட்ட கோடுகளுக்கிடையே சுற்றிச் சுற்றி நடந்து நடுவுக்குப் போவது.

மார்ச் 8, சனி
பிள்ளைகளுக்குத் தாளில் வரையச் சொல்லிக்கொடுத்தேன். நடுவில் ஒரு கூட்டல் குறி. அதன் நான்கு மூலையிலும் 'ட' மாதிரி ஒரு மடக்குக் கோடு, ஒரு புள்ளி. பிறகு முனைக்கு முனை வளைவு. விரலை வைத்து நகர்த்தினால் சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போய்விடும். "இதுல வழி தப்பவே முடியாது. ஒரே வழிதான்," என்றேன். ஒரு வாண்டு தன் தொப்பையிலேயே வரைந்துகொண்டான்.

மகள் கடைசி மேஜையில். அடுத்த வாரம் முற்றத்தில் போடுவதற்கு நான் வரைந்து வைத்திருந்த பெரிய தாளை எடுத்து விரலை ஓட்டினாள். கவிழ்த்து வைத்துவிட்டாள். எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்குவது அப்படியே அவள் அப்பா குணம்.

மார்ச் 9, ஞாயிறு
நேற்று என்னிடம் அவள் பேசியது மொத்தம் மூன்று வாக்கியம். அதில் ஒன்று "தண்ணி இருக்கா".

மார்ச் 14, வெள்ளி
வேலை முடிந்ததும் பின்முற்றத்துச் சிமென்ட் தரையில், தாளைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். முட்டி தேய்ந்துவிட்டது. வளைவு பிசகாமலிருக்க நூல்கயிறு கட்டி இழுத்தேன்; காவலாளி அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். "மேடம், இது முட்டைகோஸா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்து எத்தனை நாளாயிற்று!

ஆலோசகரையும் நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நானும் மகளும் எப்படி இருக்கிறோம் என்று கண்ணால் பார்க்கட்டுமே.

மார்ச் 15, சனி
மானம் போயிற்று.

"நீ முதல்ல போ" என்று மகளிடம் சொன்னேன். "நான் வரல" என்றாள். அந்த வாண்டு முன்னால் போனான், அவனோடு சேர்த்து நாற்பது பேர். நாலு சுற்றுப் போனவன் நின்றுவிட்டான். "டீச்சர், வழி முடிஞ்சுபோச்சு!" முன்னால் கோடு, பின்னால் கூட்டம். திரும்பவும் வழியில்லை. ஒருவர் மேல் ஒருவர் மோதி, இரண்டு பேர் அழ, மற்றவர்கள் கோட்டை மிதித்துக்கொண்டு ஓட... மூன்றாவது வளைவை ஒரு முனை தள்ளி இணைத்திருக்கிறேன். வழி தப்பவே முடியாதென்று சொன்ன வாய்! தலைமை நூலகர் ஜன்னலில் நின்று சிரித்தார். ஆலோசகர் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

ஐந்து மணிக்கு வாசலில் நிற்கும்போது மகள் சொன்னாள்: "எனக்குப் போன வாரமே தெரியும். மூணாவது வளைவு தப்பு."

"ஏன்டி சொல்லல?"

"எப்ப சொல்றது? ரெண்டு தடவ கூப்பிட்டேன். இரு இருன்னுட்ட."

சொன்னேனா? சொல்லியிருப்பேன்.

மார்ச் 16, ஞாயிறு
வேணும்னே செஞ்சிருக்கா. அத்தன பேர் முன்னாடி அம்மா அசிங்கப்படட்டும்னு. பெத்த பொண்ணு! யாரு சொல்லிக்குடுத்தது? வேற யாரு, அந்த ஆளுதான் —

இல்லை. குழந்தை மேல் பழி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 22, சனி
முற்றத்தைக் கழுவி மறுபடி போட்டோம். மூன்றாவது வளைவை அவளையே போடச் சொன்னேன். நூல்கயிறுகூடக் கேட்கவில்லை, ஒரே இழுப்பு. கையெல்லாம் சாக்பீஸ் மாவு. "சேந்து நடக்கலாமா?" என்றேன். "ம்" என்றாள். அந்த நேரம் பார்த்து வாண்டு விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டான். ஓடிப்போய் மருந்து போட்டுவிட்டு வந்தேன். அதற்குள் அவள் தனியாக நடுவு வரை போய்த் திரும்பியிருந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

மார்ச் 28, வெள்ளி
மகள் சொன்னதை ஆலோசகர் வாசித்துக் காட்டினார். மாதத்தில் ஒரு நாள் போதுமாம். "அம்மாவப் பிடிக்காமல்லாம் இல்ல. அங்க நான் நாப்பத்தோராவது ஆளு. அவ்வளவுதான்."

அழவில்லை. அழுதால் அதையும் எழுதிவைப்பார்களோ என்று பயம்.

"எந்தச் சனிக்கிழமைன்னு நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு வேலை இல்லாத நாளாப் பாத்து," என்றார் ஆலோசகர்.

பையிலிருந்து ஏப்ரல் அட்டவணையை எடுத்தேன். நான் கைப்பட எழுதியது, ஓரத்தில் பூ எல்லாம் போட்டு. ஐந்தாம் தேதி வகுப்பு. பன்னிரண்டு, வகுப்பு. பத்தொன்பது. இருபத்தாறு.

அவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.